கம்ப்யூட்டர் சொல்லுகிறதாம்!

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் சுற்று வட்டாரக் கிராமத்தாரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கம்ப்யூட்டர் என்றால் என்ன, சாப்ட்வேர் என்றால் என்ன, இன்டர்நெட் என்றால் என்ன என்பதை நம்மவர்களுக்கு விளங்கும்படியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இக்கூட்டத்தைக் கூட்டிய வாலிபத் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நான் அந்த வித்தையில் பண்டிதன் அல்ல. பண்டிதனாயிருந்தால் உங்களுக்குப் புரியாதபடி பேசி, "இவர் பெரிய மேதாவி" என்று பேர் வாங்கிக் கொண்டு போய் விடுவேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் யாரும் எந்த ரிஷியிடத்திலும் போய்க் கேட்க வேண்டியதில்லை; இரண்டு கண்ணும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தெரிந்து கொள்ளலாம் என்பதைக் காட்டவே இங்கு வந்தேன்.

விஷயத்தைத் தொடங்கும் முன் நான் நேரில் பார்த்த ஒரு சங்கதியைச் சொல்லி விடுகிறேன். இந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். அதில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற ஒரு அம்மாள். பீஸ் ரேட்டுக்கு வேலை. ஒரு பீசுக்கு 1 ரூபாய் 20 காசு என்றிருந்ததை 1 ரூபாய் 35 காசாக உயர்த்துவதாகப் பேசி முடித்து, அந்த வாரம் முதல் அமுல் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாள் தான் தைத்ததைத் தினமும் ஒரு சிறு நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைப்பது வழக்கம். வாரத்தில் 2,400 பீஸ். சனிக்கிழமை சம்பளச் சீட்டு வந்தது. 3,240 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 2,880 ரூபாய் இருந்தது. "360 ரூபாய் குறைகிறதே" என்று கேட்டதற்கு அங்கிருந்த கணக்குப்பிள்ளை, "இது நான் போட்ட கணக்கு அல்ல; கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, நீதான் எண்ணத் தெரியாமல் எண்ணியிருப்பாய்" என்று சொல்லி அனுப்பி விட்டார்.

அந்த அம்மாள் விடவில்லை. நோட்டைக் கையில் பிடித்துக் கொண்டு, "பீஸ் எத்தனை என்று உன் கம்ப்யூட்டர் சொல்லுகிறது?" என்று கேட்டார். 2,400 என்றே இருந்தது. "ரேட் எவ்வளவு?" என்றார். 1 ரூபாய் 20 காசு என்று இருந்தது. புது ரேட்டை யாரும் அதற்குள் அடிக்கவே இல்லை! கம்ப்யூட்டர் தப்புப் பண்ணவில்லை என்பது வாஸ்தவம்தான். அதற்குள் பழைய ரேட்டை விட்டு வைத்திருந்த மனிதன்தான் தப்புப் பண்ணினான். பிறகு பணம் கைக்கு வந்தது. அந்த அம்மாள் ஒருவருக்கு மாத்திரமல்ல, அந்த வரிசையில் தைத்த அத்தனை பேருக்கும் வந்தது.

தோழர்களே! "கம்ப்யூட்டர் சொல்லுகிறது" என்ற இந்த வார்த்தையைக் கேட்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா? எனக்கு வருகிறது. "சாஸ்திரம் சொல்லுகிறது" என்று நம் தலையில் இத்தனை காலம் மிளகாய் அரைத்தார்களே, அது ஞாபகம் வருகிறது. 1922-ல் இதே திருப்பூரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், எல்லா ஜாதியாரும் கோவிலுக்குள் போகலாமா என்ற பேச்சு வந்தபோது சாஸ்திரத்தைத்தான் காட்டித் தடுத்தார்கள். அப்படியானால் மனுதர்மத்தையும் இராமாயணத்தையும் கொளுத்த வேண்டியதுதான் என்று பெரியார் அங்கேயே சொன்னார். ஏன் சொன்னார்? சாஸ்திரம் தானாகப் பேசுவதில்லை. அதை எழுதினவன் ஒரு மனிதன். தன் சௌகரியத்துக்காக எழுதினான். எழுதிவிட்டு ஒளிந்து கொண்டான் என்பதைக் காட்டுவதற்காகச் சொன்னார். கம்ப்யூட்டரும் தானாகப் பேசுவதில்லை. அதற்குப் பின்னாலும் எழுதினவன் ஒருவன் இருக்கிறான். அவன் யார், என்ன எழுதினான் என்று கேட்கத் தெரிந்தவன்தான் அந்த யந்திரத்துக்கு எஜமானன். கேட்கத் தெரியாதவன் அதற்கு அடிமை. நான் இன்று பேசப் போவது இந்த ஒரு விஷயந்தான்.

தறியிலிருந்து வந்த யந்திரம்

முதலாவதாக, இந்த யந்திரம் எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து விழவில்லை, நம் தொழிலிலிருந்துதான் வந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். சென்னிமலையிலும் காஞ்சிபுரத்திலும் தறியின் மேல் ஜக்காட்டுப் பெட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். துளை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வந்து விழும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல் தூக்கப்படும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. இவ்வளவுதான். ஆனால் அதிலிருந்தே பூவும் மயிலும் புட்டாவும் வருகின்றன. பிரெஞ்சு தேசத்தில் லியோன் நகரத்து ஜக்கார் என்பவர் 1804-ல் இதை அமைத்தார். அவருடைய உருவப் படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன.

அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தார் இங்கிலாந்துக்காரரான பாபேஜ் என்பவர். அட்டையைக் கொண்டு பூ நெய்யலாம் என்றால் கணக்கு ஏன் நெய்யக் கூடாது என்று அவர் நினைத்தார். துளை அட்டையால் நடக்கிற கணக்கு யந்திரம் ஒன்றுக்கு 1830-களில் திட்டம் போட்டார். அதைச் செய்து முடிக்கவில்லை. ஆனால் அந்த யந்திரத்துக்கு எப்படிக் கட்டளை எழுதுவது என்று 1843-ல் விளக்கி அச்சிட்டவர் ஒரு பெண். அடா லவ்லேஸ் என்பது அவர் பெயர். இந்த யந்திரம் தானாக எதையும் புதிதாகத் தொடங்காது, நாம் கட்டளையிடத் தெரிந்ததைத்தான் செய்யும் என்று அந்த அம்மையார் அப்போதே எழுதி வைத்தார்.

பிறகு 1946-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற யந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். 30 டன் கனம். சுமார் 18,000 வால்வு விளக்குகள். அதற்குக் கணக்கை அமைத்துக் கொடுத்தவர்கள் 6 பெண்கள். பல வருஷ காலம் அவர்கள் பெயரை யாரும் சொல்லவே இல்லை! பெண்களுக்குக் கணக்கு வராது, யந்திரம் புரியாது என்று இன்னமும் சொல்லிக் கொண்டு திரிகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். திருப்பூரில் எத்தனை ஆயிரம் பெண்கள் தினந்தோறும் யந்திரத்தை நடத்துகிறார்கள்! தையல் மிஷினை நடத்துகிற கைக்குக் கீபோர்டு கனக்குமா?

உண்டு, இல்லை என்ற இரண்டே வார்த்தை

இனி அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லுகிறேன். ஜக்காட்டு அட்டையில் துளை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான் உண்டல்லவா? கம்ப்யூட்டரிலும் அப்படியே. மின்சாரம் உண்டு, இல்லை, இரண்டே நிலை. உண்டு என்பதை 1 என்றும் இல்லை என்பதை 0 என்றும் எழுதிக் கொள்ளுகிறார்கள். ஒரு சுவிட்சு இருந்தால் 2 விதம். இரண்டு சுவிட்சு இருந்தால் 4 விதம். மூன்று இருந்தால் 8 விதம். இப்படியே போனால் எட்டு சுவிட்சுக்கு 256 விதம். இந்த எட்டைச் சேர்த்துத்தான் ஒரு பைட் என்கிறார்கள். ஆயிரம் பைட் ஏறக்குறைய ஒரு கிலோ பைட்; ஆயிரம் கிலோ ஒரு மெகா; ஆயிரம் மெகா ஒரு கிகா. "ஜீ.பி. எத்தனை?" என்று போன் கடையில் கேட்கிறீர்களே, அது இந்தக் கணக்குத்தான்.

எழுத்துக்கு எப்படி என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்து விட்டார்கள். இங்கிலீஷில் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65. நம்முடைய 'அ'வுக்கு 2949, 'ஆ'வுக்கு 2950. யூனிகோடு என்ற உலகப் பொது அட்டவணையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆகையால், கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது என்பது சுத்தப் பொய்; இங்கிலீஷும்தான் அதற்குத் தெரியாது! நம்பர் ஒன்றுதான் தெரியும். தேவபாஷை, நீசபாஷை என்ற பேதமெல்லாம் அதனிடம் செல்லாது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1935-ல் 'குடி அரசு' பத்திரிகை எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டு, 'லை', 'னை' முதலிய எழுத்துகளுக்கு இருந்த பழைய துதிக்கை உருவத்தை விட்டு விட்டது. பண்டிதர்கள் தமிழைக் கெடுக்கிறார்கள் என்று கூச்சல் போட்டார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் அதை ஏற்க 1978 வரை ஆயிற்று. 1999-ல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழ்-99 என்ற கீபோர்டு முறையையும் சர்க்கார் ஏற்படுத்தியது. அதில் 'க'வை அடித்து 'ஆ'வை அடித்தால் 'கா' வந்து விடும். 247 எழுத்துக்கு 247 கட்டை வேண்டியதில்லை. முப்பத்தொரு கட்டையில் தமிழ் முழுவதும் அடங்கி விட்டது. ஒரு வாரம் பழகினால் எந்த எட்டாவது படித்த பிள்ளைக்கும் வந்து விடும்.

பனியன் கம்பெனியே கம்ப்யூட்டர்

கையால் தொட்டுப் பார்க்கக் கூடிய பாகங்களுக்கு ஹார்டுவேர் என்று பெயர். இதை உங்கள் கம்பெனியை வைத்தே சொல்லி விடலாம்.

கட்டிங் மாஸ்டர் இருக்கிறாரே, அவரைப் போன்றது பிராசஸர் என்னும் பாகம். வேலை எல்லாம் அதன் கையில்தான் நடக்கிறது. நகத்தளவு சில்லுதான், ஆனால் ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு 100 கோடித் தடவை துடிக்கிறது என்று அர்த்தம். கட்டிங் மாஸ்டருக்கு முன்னால் மேஜை இருக்கிறது. இப்போது வெட்டப் போகிற துணி அதன் மேல் விரிந்திருக்கும். அதுதான் ராம் என்னும் தற்கால ஞாபகம். மேஜை பெரிதாயிருந்தால் வேலை வேகமாக நடக்கும். சின்னதாயிருந்தால் துணியை எடுக்கவும் வைக்கவுமே பொழுது போய்விடும். பழைய போன் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேஜைக்குப் பின்னால் குடோன் இருக்கிறது. துணி ரோல்கள் அதில் மாதக் கணக்காகக் கிடக்கும். அதுதான் டிஸ்க். கரண்டு போனால் மேஜையில் இருந்தது போய்விடும். குடோனில் இருந்தது போகாது. "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதெல்லாம், மேஜையில் இருப்பதைக் குடோனில் கொண்டு போய் வை என்பதுதான். கீபோர்டும் மௌசும் சரக்கு உள்ளே வருகிற வாசல். திரையும் பிரிண்டரும் வெளியே போகிற வாசல். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனிலும் இதே பாகங்கள்தான், சுருங்கியிருக்கின்றன, அவ்வளவே.

சரி, மாஸ்டர் இருக்கிறார், மேஜை இருக்கிறது, குடோன் இருக்கிறது. வேலை நடந்து விடுமா? நடக்காது. எந்த அளவு, எந்தக் கழுத்து, எத்தனை பீஸ் என்று ஆர்டர் சீட்டும் பேட்டர்னும் வர வேண்டும். அந்தச் சீட்டும் பேட்டர்னும்தான் சாப்ட்வேர். "இதை எடு, அதோடு கூட்டு, இவ்வளவுக்கு மேல் போனால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று மனிதன் எழுதி வைத்த கட்டளை வரிசை. பேட்டர்ன் கோணலாயிருந்தால் உலகத்திலேயே சிறந்த கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தாலும் ஆயிரம் பீசும் கோணலாகத்தான் வரும். அதுவும் வெகு வேகமாகக் கோணலாகும்!

இப்போது சில ஊர்களில் "கம்ப்யூட்டர் ஜாதகம்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஜாதகத்தை நம்பாதவன்கூடக் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் கொஞ்சம் யோசிக்கிறான். உள்ளே என்ன நடக்கிறது? இன்ன தேதி, இன்ன மணிக்குச் சந்திரன் எங்கே, வியாழன் எங்கே என்பது கணக்கு. அது சரியாகவே வரும். ஆனால் "ஏழாம் இடத்தில் செவ்வாய் இருந்தால் கலியாணம் தடைப்படும்" என்பது கணக்கா? அது ஜோசியன் தன் பழைய சுவடியிலிருந்து எடுத்து உள்ளே டைப் அடித்து வைத்த வாக்கியம். யந்திரம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சாணியை வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தால் அது சாணியல்லாமல் போகுமா? யந்திரத்துக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. அவை கிரகமே அல்ல, சந்திரனுடைய பாதையும் சூரியனுடைய பாதையும் வெட்டிக் கொள்ளுகிற இரண்டு இடங்கள் என்பதும் அதற்குத் தெரியாது. எழுதினவன் எழுதாததால் தெரியாது. இந்தப் பித்தலாட்டத்தை நம்பி எத்தனை பெண்களுடைய வாழ்வு பாழாகிறது?

இன்னொரு வேடிக்கை. ஆயுத பூசையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். மறுநாள் வைரஸ் வந்து எல்லாக் கணக்கையும் அழித்து விட்டது என்று அழுகிறார்கள். வைரஸ் என்பது பேயும் அல்ல, திருஷ்டியும் அல்ல. நாசம் பண்ணுவதற்கென்றே ஒரு மனிதன் எழுதிய சாப்ட்வேர்தான் அது. அதற்குப் பரிகாரம் பூசணிக்காயில் இல்லை. கணக்கை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைப்பதில் இருக்கிறது. முகந்தெரியாதவன் அனுப்பிய பைலைத் திறக்காமலிருப்பதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் நடந்த அநியாயம்

இதெல்லாம் படிக்காத ஜனங்களுடைய பேதைமை, படித்த தேசத்தில் இப்படி இராது என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்து தேசத்தில் 1999 முதல் தபாலாபீசுகளில் ஹொரைசன் என்ற கணக்குச் சாப்ட்வேரைப் புகுத்தினார்கள். கிளைத் தபாலாபீசு நடத்தி வந்த ஏழை எளிய மனிதர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டிற்று. "நாங்கள் எடுக்கவில்லை" என்று அவர்கள் கதறினார்கள். "கம்ப்யூட்டர் சொல்லுகிறதே" என்றார்கள் அதிகாரிகள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்றே கோர்ட்டுகளும் எடுத்துக் கொண்டன. 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். நம் இந்திய வம்சத்துப் பெண் ஒருவர், கர்ப்பமாயிருக்கும்போதே 2010-ல் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார். வீட்டை விற்றவர் எத்தனை பேர்! மானம் பொறுக்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. கடைசியில் 2019-ல் ஐகோர்ட்டு, அந்தச் சாப்ட்வேரில்தான் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024-ல் பார்லிமெண்டே தனிச் சட்டம் செய்து தண்டனைகளை ரத்துச் செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று! படித்த அதிகாரிகளும் ஜட்ஜுகளும் கேட்காத கேள்வியை, நோட்டைக் கையில் பிடித்த நம் திருப்பூர் அம்மாள் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் கேட்டு விட்டார். ஆகவே பகுத்தறிவு என்பது பட்டத்தில் இல்லை, தோழர்களே!

இன்டர்நெட் எங்கே இருக்கிறது?

இனி இன்டர்நெட். பலர் அது ஆகாயத்தில் இருப்பதாக நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது பூமிக்குள்ளும் கடலுக்குள்ளும் இருக்கிறது. கண்ணாடி இழையால் ஆன கம்பிகள் கடலடியில் போடப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து வருகிற கம்பி சென்னையில் கரையேறுகிறது. அந்த இழைக்குள் வெளிச்சம் விட்டு விட்டு மின்னுகிறது. உண்டு, இல்லை, உண்டு, இல்லை, மறுபடியும் அதே இரண்டு வார்த்தைதான். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. உங்கள் போனிலிருந்து டவர் வரையிலுந்தான் ரேடியோ அலை. அதற்கப்புறம் பெரும்பாலும் கம்பிதான்.

கடிதம் எப்படிப் போகிறது? ஒரு பெரிய புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும், ஆனால் கார்டு மாத்திரந்தான் தபாலாபீசில் வாங்குவார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் புத்தகத்தைத் துண்டு துண்டாகக் கார்டுகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று நம்பரும் விலாசமும் போட்டு அனுப்புவீர்கள். சில கார்டு சேலம் வழியாய்ப் போகும், சில திருச்சி வழியாய்ப் போகும். சென்னையில் இருப்பவர் நம்பர்ப்படி அடுக்கிப் படித்துக் கொள்ளுவார். ஒன்று வராவிட்டால் "17-ஆவது கார்டு வரவில்லை, மறுபடி அனுப்பு" என்பார். இன்டர்நெட்டில் நடப்பது இதுவே. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு நம்பர் போல ஒரு நம்பர் உண்டு. வழியில் நின்று பிரித்து அனுப்புகிற தபால் சார்ட்டருக்கு ரௌட்டர் என்று பெயர். 1969 அக்டோபர் 29-ல் அமெரிக்காவில் இரண்டு ஊர்களுக்கு நடுவே முதல் செய்தி அனுப்பினார்கள். இரண்டு எழுத்துப் போனதும் யந்திரம் நின்று விட்டது! நம் தேசத்தில் பொது ஜனங்களுக்கு 1995 ஆகஸ்டு 15-ல் கிடைத்தது. வெப் என்று சொல்லப்படுகிற பக்கங்களின் பின்னலை அமைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர். அவர் வேலை பார்த்த ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையம் 1993-ல் அதை யாரும் காசு கொடுக்காமல் உபயோகிக்கலாம் என்று விட்டு விட்டது. அறிவைப் பூட்டி வைத்துக் காதில் ஈயம் ஊற்றுவதாகச் சொன்ன தேசத்தில் இருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

"கிளவுட்" என்று ஒன்று சொல்லுகிறார்கள். மேகம் என்று அர்த்தம். உங்கள் படமெல்லாம் மேகத்தில் இருக்கிறதாம்! மேல்லோகம் என்று ஏமாந்த நமக்கு இதுவும் அப்படியே இருக்கும். அது மேகமுமல்ல, மோட்சமுமல்ல. எங்கோ ஒரு பெரிய கொட்டகையில், குளிர்ச்சி யந்திரம் போட்டு அடுக்கி வைத்திருக்கும் வேறொருவனுடைய கம்ப்யூட்டர். அவனுக்கு வாடகை கொடுத்திருக்கிறீர்கள், அல்லது வாடகைக்குப் பதிலாக உங்கள் சங்கதிகளை அவனிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அவ்வளவே.

2023-ல் பட்ட பாடு

தோழர்களே! தபால்காரன் கார்டைப் படித்துப் பார்த்து, "இது மெய், கொடுக்கிறேன்; இது பொய், கொடுக்க மாட்டேன்" என்பதில்லை. இன்டர்நெட்டும் அப்படியே. பொய்யும் மெய்யும் அதற்கு ஒரே 0, ஒரே 1. அல்லாமலும், எதை முதலில் உங்கள் கண்ணில் காட்டுவது என்பதை எழுதி வைத்திருக்கிற கம்பெனிக்கு விளம்பரத்தில் வருமானம். நீங்கள் அதிக நேரம் பார்த்தால் அவனுக்கு அதிக லாபம். கோபமும் பயமும் உண்டாக்குவதைத்தான் ஜனங்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

இதனால் இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களோடு, பயந்து மூட்டை கட்டினவர்களும் ரயிலடியில் சேர்ந்தார்கள். வீடியோக்களில் இரண்டைப் பற்றிப் போலீஸ் டைரக்டர் ஜெனரல் விளக்கம் சொன்னார். இரண்டுமே முன்பு எப்போதோ திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் நடந்த சண்டைகள். ஒன்றில் பீகார்த் தொழிலாளிகளே இரண்டு கோஷ்டியாய் அடித்துக் கொண்டார்கள். மற்றொன்றில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் அடித்துக் கொண்டார்கள். தமிழனும் பீகார்க்காரனும் அடித்துக் கொண்டது எதிலும் இல்லை! பீகார் சர்க்கார் ஒரு குழுவை அனுப்பிற்று. அக்குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துத் திருப்தியோடு திரும்பிப் போயிற்று. பொய் பரப்பினவர்கள் மேல் வழக்குகள் போடப்பட்டன. ஆனால் நடுவில் பட்டினி கிடந்தவன் யார்? மிஷினை விட்டு ஓடின பீகார்த் தொழிலாளியும், அவன் இல்லாமல் வரிசை நின்றதால் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளியும்தானே? பொய் பரப்பினவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடாவது குறைந்ததா?

பழி முழுவதையும் இன்டர்நெட் மேல் போடவும் மாட்டேன். 1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தேசம் முழுவதும் வரிசை நின்றார்கள். அப்போது இன்டர்நெட் வந்து ஐந்து வாரந்தான் ஆகியிருந்தது. டெலிபோனே போதுமானதாயிருந்தது! திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையால் கரண்டிப் பால் சிலையின் மேல் மெல்லிய ஏடாக வழிகிறது என்று விஞ்ஞானிகள் பாலில் வர்ணம் கலந்து காட்டினார்கள். அன்று தவறினது கம்பி அல்ல, கம்பியின் இரண்டு முனையிலும் இருந்த மூளை.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், நடக்காத கூட்டத்தை நடந்தது போலவும், ஒருவர் பேசாததைப் பேசினது போலவும் யந்திரத்தாலேயே உண்டாக்கிக் காட்டுகிறார்கள். ஆகையால் எந்த வீடியோ வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எடுத்தவன் யார்? எடுத்தது எந்த ஊரில், எந்தத் தேதியில்? இதை நான் நம்பினால் லாபம் யாருக்கு? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை இன்னொருவனுக்கு அனுப்பாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

இதைக் கேட்டு விட்டு, "அப்படியானால் இந்தச் சனியன் நமக்கு வேண்டாம்" என்று யாராவது நினைத்தால் என் பேச்சு வீணாயிற்று என்றே அர்த்தம். 1811, 1812-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் காலுறை பின்னுகிற தொழிலாளிகள், அதாவது உங்கள் தொழிலைச் செய்தவர்களே, இரவில் கூடிப் பின்னல் யந்திரங்களை உடைத்தார்கள். அவர்களுக்கு யந்திரத்தின் மேல் விரோதமில்லை. யந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்ததுதான் விரோதம். சர்க்கார் 1812-ல் யந்திரத்தை உடைத்தால் தூக்குத் தண்டனை என்று சட்டம் போட்டது. யந்திரமும் ஒழியவில்லை, கூலியும் ஏறவில்லை. ஆதலால் யந்திரம் வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. யந்திரத்தால் வருகிற ஓய்விலும் லாபத்திலும் உழைக்கிறவனுக்குப் பங்கு வேண்டும் என்பதே நம் கட்சி. பங்கு கேட்க வேண்டுமானால் அதன் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும்.

இந்த வாரமே செய்யக் கூடிய காரியங்கள் சில சொல்லுகிறேன். உங்கள் சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்களே, அதற்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க நம்பர் உண்டு. கேட்டு வாங்குங்கள். அதை வைத்துப் பி.எப். ஆபீசின் இன்டர்நெட் பக்கத்தில், மாதாமாதம் உங்கள் பங்கும் முதலாளி பங்கும் கட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. பாங்கியிலிருந்து பேசுகிறேன், ஓ.டி.பி. சொல்லு என்று எவன் கேட்டாலும் சொல்லாதீர்கள். அது உங்கள் பெட்டிச் சாவி. போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் அடிக்க வேண்டியதே இல்லை. அடிக்கச் சொன்னால் உங்களிடமிருந்து பணம் போகப் போகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று போலீஸ் உடுப்பில் ஒருவன் திரையில் வந்து மிரட்டினால் பயப்படாதீர்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒன்று. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரோ போனோ இருந்தால் அது பையனுக்கு, பெண்ணுக்கு அடுப்பு என்று பிரிக்காதீர்கள். போன் கொடுத்தால் பெண் கெட்டுப் போவாள் என்கிறவன், ஒரு காலத்தில் புத்தகம் கொடுத்தால் கெட்டுப் போவாள் என்று சொன்னவனுடைய பேரன்தான். அவனுக்குப் பயம் பெண் கெட்டுப் போவாளே என்பதல்ல. கேள்வி கேட்பாளே என்பதுதான்.

ஆகவே தோழர்களே! கம்ப்யூட்டரைக் கும்பிடவும் வேண்டாம். கண்டு பயப்படவும் வேண்டாம். அது தறியின் பேரன். நம் வீட்டுப் பிள்ளை. "கம்ப்யூட்டர் சொல்லுகிறது" என்று யாராவது சொன்னால், "கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேளுங்கள். நான் இங்கு சொன்னவற்றையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பி விடாதீர்கள். உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து, திறந்து பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.